இரும்பு திரும்பி வரும், கரண்ட் வராது

"வார்ப்பு ரிஜக்‌ஷன் ஆனால் என்ன? இரும்பு எங்கே போய்விடப் போகிறது? மறுபடி உலையில் போட்டு உருக்கிக்கொள்வோம். நட்டமே இல்லை." கோவை ஃபவுண்டரிகளில் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. கணபதியில் சொல்கிறார்கள், அரசூரில் சொல்கிறார்கள். முதலாளி சொல்வதையே கணக்குப்பிள்ளையும் சொல்கிறார். எரிசக்தித் தணிக்கை என் தொழில். வார்ப்புத் தொழிலில் இவ்வளவு பணத்தைத் தின்கிற நம்பிக்கை வேறொன்றை நான் பார்த்ததில்லை.

இரும்பு திரும்பி வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். அதை உருக்கிய மின்சாரம் திரும்பி வருகிறதா? ஒரு டன் வார்ப்பிரும்பை 1,500 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோக, துளி இழப்பு இல்லையென்றாலும், ஏறத்தாழ 400 யூனிட் வேண்டும். நடைமுறையில் நம் இண்டக்‌ஷன் உலைகள் 550 முதல் 650 யூனிட் வரை இழுக்கின்றன. குறை வார்ப்பு உலைக்குத் திரும்பும்போது இந்தச் செலவு முழுவதும் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

இந்த உண்மை கண்ணில் படாமல் போவதற்குக் காரணம், நாம் வகுக்கிற எண் தவறு. எல்லாரும் "உருக்கிய டன்னுக்கு இத்தனை யூனிட்" என்றே கணக்கு வைக்கிறார்கள். உருக்கிய டன்னையா வாடிக்கையாளர் வாங்குகிறார்? லாரியில் ஏறுகிற நல்ல வார்ப்பைத்தானே வாங்குகிறார்! கணக்குக்காக ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். உருக்குவது 1,000 கிலோ, செலவு 600 யூனிட். ஊற்றிய இரும்பில் ரன்னர், ரைசர் எல்லாம் வெட்டிய பிறகு வார்ப்பாக நிற்பது 55 சதவீதம், அதாவது 550 கிலோ. அதில் 8 சதவீதம் ரிஜக்‌ஷன். மிஞ்சுவது 506 கிலோ. இப்போது வகுத்துப் பாருங்கள்: நல்ல வார்ப்பு டன்னுக்கு 1,186 யூனிட். பலகையில் பெருமையாக எழுதி வைத்திருக்கும் 600 எங்கே, இது எங்கே?

இந்தப் பட்டறை புது உலை வாங்கி 600 யூனிட்டை 560 ஆக்கினால், 1,186 குறைந்து 1,107 ஆகும். பழைய உலையையே வைத்துக்கொண்டு, ரைசரையும் ரன்னரையும் திருத்தி 55 சதவீதத்தை 62 ஆக்கி, ரிஜக்‌ஷனை 5 சதவீதத்துக்கு இறக்கினால், அதே கணக்கு 1,019க்கு வரும். புது உலை தருவதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் சேமிப்பு! உலையைத் தொடவே இல்லை.

மின்சாரம் மட்டும்தான் போகிறதா? டக்டைல் வார்ப்பு என்றால் அதில் சேர்த்த மெக்னீசியமும் போகிறது. அது கொதிப்பதே 1,091 டிகிரியில். திரும்ப உருக்கும்போது ஆவியாகியும் எரிந்தும் தீர்ந்துவிடும், மறுபடி விலை கொடுத்துத்தான் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு உருக்கலிலும் கொஞ்சம் இரும்பு ஆக்சைடாகி ஸ்லாக்கோடு வெளியேறுகிறது. கோர் மணலில் கலந்த ரெசின் எரிந்தது எரிந்ததுதான். லேத்தில் ஏற்றிக் கடைந்த பிறகு ப்ளோ ஹோல் தெரிந்தால் கடைசல் கூலியும் சேர்ந்து போகிறது. இத்தனைக்குப் பிறகும் நட்டமில்லை என்று எப்படி வாய் கூசாமல் சொல்கிறார்கள்?

ரைசர் பெரிதாக இருந்தால்தான் பாதுகாப்பு என்பது இதன் உடன்பிறப்பு. ஸ்டீலுக்கு அது பெருமளவு பொருந்தும். கிரே அயர்ன் உறையும்போது உள்ளே கிராஃபைட் பிரிந்து விரிகிறது. சுருக்கத்தில் பெரும்பங்கை அந்த விரிவே ஈடுகட்டிவிடும். அச்சு இறுக்கமாக இருந்தால் சிறிய ரைசரே போதும். அப்பா காலத்துப் பேட்டர்ன் என்பதற்காக அதே ரைசரை இன்னும் எதற்காக ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும்?

"கரண்ட் பில் குறைந்தது, ஆகவே சிக்கனம்" என்கிறார்கள். ஆர்டர் குறைந்தாலும் பில் குறையும். கெப்பாசிட்டர் போட்டு பவர் ஃபேக்டரைத் திருத்தினால் டிமாண்ட் கட்டணம் இறங்கும். உலைக்குள் ஒரு யூனிட்கூட மிச்சமாகாது.

டன்னுக்கான யூனிட் குறைந்தால் ஆலை திருந்திவிட்டது என்பதும் அரைகுறைப் பேச்சு. உலை முழுச் சுமையில் ஓடினாலே அந்த எண் தானாக இறங்கும். பெரிய ஆலைகளின் எரிசக்திச் செலவைக் குறைக்க 2012இல் தொடங்கிய மத்திய அரசின் பாட் (PAT) திட்டத்தின் முதல் சுற்றில் சிமெண்ட், இரும்பு, காகிதம் உள்ளிட்ட 8 துறைகளின் 478 ஆலைகளுக்கு இலக்கு வைத்தார்கள். அங்கே உற்பத்தி அளவும் பொருள் கலவையும் மாறியதை ஈடுசெய்த பிறகுதான் சேமிப்பை ஒப்புக்கொண்டார்கள். சின்னப் பட்டறைகளைக் கேட்க அப்படி ஒருவரும் இல்லை; நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதற்கு இரண்டே பொருள்கள் போதும். உலைக்குத் தனி மீட்டர். ஃபெட்லிங் பகுதியில் ஒரு எடைத் தராசு. தராசைப் பற்றி நான் எல்லா இடத்திலும் சண்டை போடுகிறேன், இங்கேயும் போடுகிறேன். கோடிக்கணக்கில் உலைக்குக் கடன் வாங்குகிறவர்கள் குறை வார்ப்பை மட்டும் கண்ணால் மதிப்பிட்டுக் குவியலில் தள்ளுகிறார்கள். ஷிப்டுதோறும் ரிஜக்‌ஷனைத் தனியாக, ரன்னர் ரைசரைத் தனியாக எடை போட்டு எழுதுங்கள். எந்தப் பேட்டர்னில் குறை அதிகம் என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள்.

அடுத்த மாதம் முதல் தேதியன்று உலை மீட்டரின் யூனிட்டை, லாரியில் ஏறிய நல்ல வார்ப்பின் டன்னால் வகுங்கள். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, புது உலைக்குக் கொட்டேஷன் கேட்பதற்கு முன், பேட்டர்ன் செய்பவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.