‘ஏலாது’ வருவதற்கு முதல்

தங்கச்சி, நேற்று இரவு ஒன்பதே முக்காலுக்குப் போன் எடுத்தாய். “டியூட்டி முடிஞ்சு வந்து அரை மணித்தியாலமாச்சு அக்கா, இன்னும் குவாட்டர்ஸ் படியிலதான் இருக்கிறன். சப்பாத்தைக் கழற்றவும் ஏலாமல் கிடக்கு” என்றாய். நான் வழக்கம்போல “சாப்பிட்டனியே?” என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியது வேறு: இரண்டு நாள் லீவு போட்டு நித்திரை கொண்டெழும்பினால் இது போய்விடுமா?

போய்விடும் என்றால் அது வெறும் களைப்பு. நித்திரைக்கும் போகாத ஒன்று இருக்கிறது, ‘பேர்ன்அவுட்’ என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் அதை வேலையோடு வரும் நிலை என்று வரையறுத்து மூன்று அடையாளம் சொன்னது: உடம்பும் மனமும் வற்றிப்போதல், வேலையில் வெறுப்பும் விலகலும், ‘நான் செய்து என்ன பிரயோசனம்’ என்ற நினைப்பு. முதலாவது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதுதான் கள்ளத்தனமாக வரும்.

எனக்கு அது வந்தது நேர்சாகிய ஒன்பதாம் வருடம். ஒரு நைற் டியூட்டியில் பதினாலாம் கட்டில் ஆச்சி மூன்றாம் தரம் தண்ணி கேட்டா. கொடுத்தேன். ஆனால் கிளாஸை நான் மேசையில் வைத்த சத்தத்துக்குப் பக்கத்துக் கட்டிலில் நித்திரையாக இருந்தவ துடித்தெழும்பினா. ஆச்சி, “குறை நினைக்காத பிள்ளை” என்றா. ஒரு கிழமையாக அவ என் வாட்டில். அவவின் பெயர் எனக்குத் தெரியாது. ‘பதினாலு’ என்றுதான் தெரியும். நீயும் கட்டில் நம்பரில் கதைக்கத் தொடங்கிவிட்டாய், நேற்றுக் கவனித்தேன்.

இது சோம்பேறிகளுக்கு வருவதில்லை. 1974 இல் இதைப் பற்றி முதன்முதல் எழுதியவர்களில் ஒருவரான ஹேர்பேர்ட் பிராய்டன்பேர்கர், பகலில் தன் நோயாளிகளையும் இரவில் நியூயோர்க்கின் இலவச மருத்துவ நிலையமொன்றையும் பார்த்த உளவியலாளர். மனம் ஒன்றி வேலை செய்தவர்களே அங்கே முதலில் கருகினார்கள் என்று கண்டார். அவரும் அவர்களில் ஒருவர்.

இனி என்ன செய்யலாம்? எங்கள் வாயில் ‘ஏலாது’ வரும், ‘மாட்டன்’ வராது. ஏலாது என்றால் பாவம் பார்ப்பார்கள், மாட்டன் என்றால் வாய்க்காரி. அதனால் உண்மையிலேயே ஏலாமல் போகும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த மாத டியூட்டி லிஸ்ட் வருவதற்கு முதலே ஒரு எண்ணிக்கையை வைத்துக்கொள்: மேலதிக டியூட்டி நாலு, அதற்கு மேல் மாட்டன். கேட்டவுடன் பதில் சொல்லாதே. “கொப்பியைப் பார்த்திட்டு பின்னேரம் சொல்லுறன்” என்று சொல். மறுக்கும்போது காரணம் சொல்லாதே, சொன்னால் அந்தக் காரணத்தோடு பேரம் பேசுவார்கள். முதல் இரண்டு தரம் முகம் சுளிப்பார்கள். பிறகு வேறு ஆளைக் கேட்கப் பழகிவிடுவார்கள்.

‘சேவை’, ‘தொண்டு’ என்று யாராவது தொடங்கினால் கவனமாக இரு. நாங்கள் யாழ்ப்பாணத்துச் சித்தர் யோகர் சுவாமியின் ஊர்ப் பிள்ளைகள். சிவதொண்டைச் சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள். ஆள் பற்றாத நாளில் அந்தச் சொல்லை எங்கள் தலையில் போடுவது மேலிடத்துக்குச் சுகம். ஆனால் அந்தச் சுவாமியே கொழும்புத்துறைக் கொட்டிலுக்கு வந்த எல்லோரையும் இருத்தி வைத்துக் கதைத்தவரல்ல. ஏசிக் கலைத்தும் இருக்கிறார். கிளிநொச்சிப் பக்கம் நீர்ப்பாசன வேலையில் ஸ்டோர் கீப்பராக இருந்த மனுசன். இருப்பில் இல்லாத சாமானைக் கொடுக்க முடியாதென்று ஸ்டோர் கீப்பருக்குத் தெரியாதா? (பகிடிதான். அம்மாவுக்குச் சொல்லாதே.)

காசு விசயம். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறினபோது எங்கள் சம்பளம் கையிலேயே கரைந்தது. கூட வேலை செய்தவர்கள் வெளிநாடு போக, அவர்களின் வேலையும் மிச்சம் நின்றவர்களின் தோளில் விழுந்தது. அதை உன்னால் மாற்ற முடியாது. ஆனால் ஸ்கூட்டி லீசிங்கை ஓவர்டைம் காசில் கட்டுகிறாயே, அதை மாற்றலாம். மாதாமாதம் கட்டவேண்டியது அடிப்படைச் சம்பளத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் ‘மாட்டன்’ என்று சொல்லும் வாயை லீசிங்காரனுக்கு விற்றுவிட்டாய்.

டியூட்டிக்கு ஒரு முடிவு வை. பாரம் கொடுக்கும்போது மிச்ச வேலையை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிடு, தலைக்குள் கொண்டு வராதே. வாட்டு வட்ஸ்அப் குழுவைச் சத்தமில்லாமல் போடு. அவசரமென்றால் போன் எடுப்பார்கள். நான் அந்தக் காலத்தில் வீட்டுக்குப் போகமுதல் சைக்கிளைத் துறையடியில் நிறுத்திக் கால் மணித்தியாலம் நிற்பேன். தண்ணி வற்றின நேரம் சேற்று மணம்தான், பெரிய காட்சி ஒன்றுமில்லை. ஒருவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருப்பார். கடலுக்குப் போகாத நாளிலும் வலைக்கு வேலை இருந்தது. ஒருநாளும் அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பழைய சீ.ஆர். கொப்பி ஒன்றை எடுத்து, ஒவ்வொரு டியூட்டிக்கும் ஒரு வரி எழுது. நன்றி, மகிழ்ச்சி என்று பொதுவாக எழுதாதே, கை செய்ததை எழுது. ‘வயிற்றோட்டத்தில் வற்றிப்போன குழந்தைக்கு முதல் தரத்திலேயே கனுலா ஏற்றினேன்.’ ‘ஆறாம் கட்டில் ஐயாவின் பெயர் கேட்டேன்.’ என் கொப்பியில் சில நாள் வெறுமை. தொடர்ந்து மூன்று கிழமை வெறுமையாக இருந்தபோதுதான் வாட்டு மாற்றம் கேட்டு எழுதினேன். ஆஸ்பத்திரி அதேதான், வாட்டு மட்டும் வேறு. அது போதுமாக இருந்தது. எல்லோருக்கும் போதும் என்று சொல்லமாட்டேன்.

அரச உத்தியோகத்தருக்கு வருடத்துக்கு 45 நாள் லீவு, கசுவல் 21 உம் வெக்கேசன் 24 உமாக. எடுக்காதவருக்கு யாரும் பொன்னாடை போர்த்துவதில்லை.

இவ்வளவும் செய்தும் நித்திரை வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்தால் பரவாயில்லை என்ற நினைப்பு எட்டிப் பார்க்கிறது என்றால், என் டிப்ஸை மூடி வைத்துவிட்டு டொக்டரிடம் போ. இரவென்றாலும் 1926 க்கு எடுக்கலாம், தேசிய மனநல உதவி எண். எனக்கும் எடு, எத்தனை மணியானாலும்.

சனிக்கிழமை வருவதென்றால் வெள்ளி இரவே சொல்லு. நண்டுக்கு விடிய ஆறு மணிக்குத் துறைக்குப் போக வேணும், பிந்தினால் சின்னன்தான் மிஞ்சும்.