கஞ்சாவா, மனநோயா: எதற்கு முதலில் வைத்தியம்?

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. காலேஜில் கஞ்சா பழகினான். பிறகு, பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டு இருட்டில் உட்கார ஆரம்பித்தான். மனநல டாக்டர், 'முதலில் கஞ்சாவை விடட்டும்' என்றார். போதை மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம் விட்டோம். அங்கேயும் கடைசிவரை குரல் கேட்கிறது என்றான். 'இது மனநோய்' என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது மறுபடி புகைக்கிறான். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். எதை முதலில் பார்ப்பது, டாக்டர்?
- ஒரு வாசகி, தேனி மாவட்டம்

பதில்: இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் அம்மா, முடிந்தால் ஒரே மருத்துவரிடம். இரண்டு இடத்திலும் உங்களைத் திருப்பி அனுப்பியது தவறு. மது, போதைப் பழக்கத்தோடு வரும் மனப் பாதிப்பையும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் என்றே சொல்கிறது.

உங்கள் கடிதத்தில் முக்கியமான தகவல் அந்த மூன்று மாதம்தான். கஞ்சாவால் மட்டும் வந்த குரல் என்றால், விட்ட சில நாளில், மிஞ்சிப்போனால் சில வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். புகைக்காமல் இருந்த மூன்று மாதமும் கேட்டிருக்கிறது என்றால் மனச்சிதைவு நோயாக இருக்கலாம். நேரில் பார்த்துத்தான் உறுதி சொல்ல முடியும். எப்போது நிறுத்தினான், அதற்குப் பிறகு எத்தனை நாள் குரல் கேட்டது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது.

குரலின் தொல்லை தாங்காமல் புகைக்கிறவர்கள் உண்டு. புகைத்தால் அது இன்னும் வலுக்கும். மாத்திரை வேலை செய்து குரல் கொஞ்சம் தணிந்தால்தான் கஞ்சாவை விடச் சொல்லும் பேச்சே காதில் ஏறும்; அதற்குச் சில வாரம் பிடிக்கும். 'நல்லாத்தானே இருக்கேன்' என்று மாத்திரையை நிறுத்தும்போதுதான் பலருக்கும் நோய் திரும்புகிறது. தினமும் விழுங்க மறுத்தால் மாதம் ஒருமுறை போடும் ஊசி உண்டு, கேளுங்கள். சோற்றில் கலந்து மட்டும் கொடுக்காதீர்கள். எல்லாரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று நம்புகிறவன் அதைக் கண்டுபிடித்தால், அப்புறம் உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டான். பீடி, சிகரெட் பிடித்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சில மாத்திரைகள் ரத்தத்தில் நிற்கும் அளவைப் புகை குறைத்துவிடும்.

நடுவில் மறுபடி புகைப்பான். அதற்காக வைத்தியத்தை விட்டுவிடாதீர்கள், வீட்டைவிட்டுத் துரத்தாதீர்கள். அடுத்த நாளே டாக்டரிடம் சொல்லுங்கள். கல்யாணப் பேச்சை இப்போது எடுக்கவே வேண்டாம். விவரம் தெரியாமல் வரும் ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பணயம் வைத்து யாரையும் குணப்படுத்த முடியாது.

ராத்திரி நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 14416 டெலி மானஸ் எண்ணுக்குப் பேசுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம். 'செத்துப்போ' என்றோ, 'அவனை வெட்டு' என்றோ குரல் கட்டளையிடுவதாகச் சொன்னால் விடியும்வரை காத்திருக்காமல் 108ஐக் கூப்பிட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.