மனசு மாறியதென்றால் சேலையைத் திரும்ப எடுக்கலாமா?

காரைக்குடியில் இருந்து வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் செட்டிநாட்டு காட்டன் சேலை விற்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "டேமேஜ் என்றால் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்துவிடுகிறேன். ஆனால் 'கலர் எனக்கு செட் ஆகலை', 'அத்தைக்குப் பிடிக்கலை' என்றெல்லாம் சொல்லித் திருப்பி அனுப்பப் பார்க்கிறார்கள். 'நோ ரிட்டர்ன்' என்று போட்டுவிடலாமா? போட்டால் புது ஆட்கள் வாங்கவே தயங்குகிறார்கள்."

திரும்ப எடுங்கள். ஆனால் பணமாகக் கொடுக்க வேண்டாம். வேறு சேலையாகக் கொடுங்கள். நாளும் நிபந்தனையும் முன்கூட்டியே எழுத்தில் இருக்கட்டும். இதுதான் என் பதில்.

முதலில் சட்டம். வாங்கியவருக்கு மனசு மாறிவிட்டது என்பதற்காக மட்டும் பொருளைத் திரும்ப எடுத்தாக வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் சொல்லவில்லை. பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஆன்லைனில் வாங்கியவர் காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம். இங்கே அப்படி ஓர் உரிமை இல்லை. ஆனால் பொருளில் குறை இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ, சொன்ன தேதியைத் தாண்டி வந்தாலோ திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-இல் வந்த மின்வணிக விதிகள் சொல்கின்றன. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள். ஆகவே "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று எத்தனை பெரிய எழுத்தில் அச்சடித்தாலும் ஓட்டை விழுந்த சேலைக்கு அது செல்லாது. வாங்கியவர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிட்டால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில்தான் பல சிறு வியாபாரிகள் சிக்கிக்கொள்கிறார்கள். "மனசு மாறிவிட்டது" என்று நாம் ஒதுக்கும் புகாரில் பாதி, "சொன்னபடி இல்லை" என்கிற புகாராக இருக்கக்கூடும். அரக்கு நிறம் ஃபோனில் சிவப்பாகத் தெரியும். ரிங் லைட்டுக்குக் கீழே மாம்பழ மஞ்சள் எலுமிச்சை மஞ்சளாகிவிடும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கியின் பெயரைப் போட்டு, கைத்தறி என்றும் எழுதி, விசைத்தறிச் சேலையை அனுப்பியிருந்தால், வாங்கியவர் "பிடிக்கலை" என்று மட்டும் சொன்னாலும் தவறு நம்முடையது. அப்போது பணத்தையே திருப்ப வேண்டும், இரு வழிக் கூரியரையும் நீங்களே ஏற்க வேண்டும். எனவே யாராவது திருப்பி அனுப்பக் கேட்டால், "அக்கா, எது சரியா இல்லைன்னு சொல்லுங்க, அடுத்த வாட்டி திருத்திக்கிறேன்" என்று கேட்டு, பதிலை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். "கலர்" என்ற சொல் அதில் திரும்பத் திரும்ப வந்தால் மாற்ற வேண்டியது உங்கள் படங்களை.

காலை வெயிலில், வாசலில் அல்லது மொட்டைமாடி நிழலில், ஃபில்டர் போடாமல் எடுங்கள். உடல், பார்டர், முந்தானி, பிளவுஸ் துணி நான்கும் தெரிய வேண்டும். சேலைக்குப் பின்னால் கையை வைத்து ஒரு படம் எடுத்தால் துணி எவ்வளவு கனம் என்பது புரிந்துவிடும். செட்டிநாட்டு காட்டன் கொஞ்சம் தடிமனான துணி. மெல்லிய காட்டன் கட்டிப் பழகியவருக்கு முதல் தடவை விறைப்பாகத் தோன்றும். "துவைக்கத் துவைக்கத்தான் கஞ்சி போய் இளகும்" என்பதை விற்கும்போதே எழுதிவிடுங்கள். நீளம் எத்தனை மீட்டர், பிளவுஸ் உண்டா இல்லையா என்பதையும் சேருங்கள். இவ்வளவையும் செய்த பிறகு வருவதுதான் உண்மையான மனமாற்றம்.

இனி கணக்கு. 1,200 ரூபாய்க்கு, கூரியர் செலவு உங்களுடையது என்று சொல்லி ஒரு சேலை விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கொள்முதல் 850, கூரியர் 60, பாலித்தீன் கவர், அட்டை எல்லாம் சேர்த்து பேக்கிங் 20. கையில் நிற்பது 270. பத்துச் சேலை விற்றால் 2,700. அதில் ஒன்று திரும்பி வந்து, திருப்பி அனுப்பும் செலவை வாங்கியவரே ஏற்று, நீங்கள் முழுப் பணத்தையும் கொடுத்தால் அந்தச் சேலையின் 270-ம் போய், ஏற்கெனவே செலவழித்த 80-ம் போகும். மிஞ்சுவது 2,350. அதே ஒன்றுக்குப் பணம் தராமல் வேறு சேலை அனுப்பினால் விற்பனை நிற்கிறது. இரண்டாம் முறைக்கான கூரியரும் பேக்கிங்கும் 80 ரூபாய் மட்டும் கழியும். மிஞ்சுவது 2,620. ஒரு திரும்பலுக்கு ஒன்றில் இழப்பு 350, இன்னொன்றில் 80.

"மாற்றித் தருவோம்" என்ற ஒரு வரியைப் பார்த்து, தயங்கிக்கொண்டிருந்த ஒரே ஒருவர் கூடுதலாக வாங்கினால்கூட அந்த 80 ஈடாகி மேலே 190 நிற்கிறது. பணம் திருப்பித் தரும் முறையில் ஒரு கூடுதல் விற்பனை போதாது, இரண்டு வேண்டும். உங்கள் எண்களைப் போட்டு நீங்களே ஒருமுறை கணக்கிடுங்கள். லாபம் மெலிந்த பொருளுக்கு, உதாரணமாக 300 ரூபாய் நைட்டிக்கு, இந்தக் கணக்கு நிற்காது. அங்கே அளவு மாற்றத்துக்கு மட்டும் சம்மதிப்பது போதும், இரண்டு கூரியரும் வாங்குபவருடையது.

வாட்ஸ்அப் பிசினஸில் விரைவுப் பதிலாக இப்படிச் சேமித்து, ஆர்டர் உறுதி செய்யும்போதே அனுப்புங்கள்:

"சேலை பிடிக்கலைன்னா கையில் கிடைச்ச 3 நாளுக்குள் மெசேஜ் பண்ணுங்க. டேக் அறுக்காம, ஃபால்ஸ் தைக்காம, பிளவுஸ் வெட்டாம இருந்தா அதே விலைக்கு வேற சேலை எடுத்துக்கலாம், இல்ல 6 மாசத்துக்குள்ள வாங்கிக்கலாம். திருப்பி அனுப்புற கூரியர் உங்களோடது, புதுசு அனுப்புறது எங்களோடது. டேமேஜ், நிறம் அல்லது டிசைன் மாறி வந்திருந்தா முழுப் பணமும் திருப்பித் தர்றோம், கூரியரும் எங்களோடது."

பணம் வாங்கிய பிறகு சொல்லும் நிபந்தனை சண்டையில்தான் முடியும். ஆகவே இது உங்கள் இன்ஸ்டா பக்கத்தின் ஹைலைட்டிலும் இருக்கட்டும்.

டேக் விஷயத்தில் ஒரு நுணுக்கம். அதை உள் மடிப்பில் தொங்கவிடாதீர்கள். முந்தானியின் வெளி ஓரத்தில், கட்டினால் வெளியே தெரிகிற இடத்தில், இரண்டு தையல் போட்டுப் பொருத்துங்கள். ஒரு விசேஷத்துக்குக் கட்டிவிட்டுத் திருப்பி அனுப்ப நினைப்பவர் அதை அறுத்தே தீர வேண்டும். திரும்பி வந்த சேலையை ஜன்னல் பக்கம் முழுதாக விரியுங்கள். தோள் வரும் இடத்தில் பின் குத்திய ஓட்டை இருக்கிறதா, இடுப்பு வரும் இடத்தில் கொசுவச் சுருக்கம் விழுந்திருக்கிறதா, கீழ் ஓரம் அழுக்கா, மஞ்சள் குங்குமம் பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முகர்ந்தும் பாருங்கள், சென்ட், வியர்வை, சாம்பிராணி எதுவும் இரண்டு நாளில் துணியை விட்டுப் போய்விடாது. குறை தெரிந்தால் படம் எடுத்து அன்றே அனுப்புங்கள், குற்றம் சாட்டும் தொனி இல்லாமல்.

பார்சல் பிரிக்கும் வீடியோ கட்டாயம் என்று இப்போது எல்லோரும் போடுகிறார்கள். கேட்பதில் தப்பில்லை, அது உங்களுக்கும் பாதுகாப்பு. ஆனால் வீடியோ இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கிழிந்த சேலையை ஏற்க மறுக்காதீர்கள். அது நியாயமும் இல்லை. நுகர்வோர் ஆணையத்தில் அந்த வாதம் நிற்கும் என்று நம்பவும் வேண்டாம். அதைவிட, பேக் செய்யும் முன் சேலையை முழுக்க விரித்து, முகவரிச் சீட்டோடு நீங்களே ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பொருளுக்கும் இது பொருந்தாது. அளவெடுத்துத் தைத்த ஆரி பிளவுஸ், காதணி, உள்ளாடை, ஊறுகாய், பொடி வகைகள் ஆகியவற்றுக்கு மனமாற்றத் திரும்பல் வேண்டாம். தள்ளுபடியில் விற்றதற்கும் மறுக்கலாம், ஆனால் அதையும் முன்பே சொல்ல வேண்டும்.

பண்டிகைக் காலம் தனி. தீபாவளிக்கு நான்கு நாள் முன் போய்ச் சேர்ந்த சேலை திரும்பி வரும்போது தீபாவளியே முடிந்திருக்கும், அந்த நிறம் பொங்கல் வரை அலமாரியில் தூங்கும். எனவே பண்டிகைக்கு முந்தைய இரண்டு வாரத்து ஆர்டர்களுக்கு உடனடி மாற்றம் இல்லை, பின்னர் வாங்கிக்கொள்ளும் கிரெடிட் மட்டும் என்று அறிவித்துவிடுங்கள்.

கேஷ் ஆன் டெலிவரி கொடுப்பவர்களுக்கு இன்னொன்று. வாசலில் பார்சலை வாங்க மறுப்பதும் மனமாற்றம்தான், ஆனால் அங்கே உங்கள் விதி எதுவும் செல்லாது, இரு வழிக் கூரியரும் உங்கள் தலையில் விழும். கூரியர் தொகையை மட்டுமாவது முன்கூட்டி யுபிஐயில் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். அமேசான், மீஷோ போன்ற தளங்களில் விற்றால் திரும்பல் விதி அவர்களுடையது. விலை வைக்கும்போதே அந்தச் செலவைச் சேர்த்து வையுங்கள். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் திரும்பி வந்த ஒவ்வொன்றுக்கும் கிரெடிட் நோட் போட மறக்காதீர்கள்.

மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பவர்கள் ஒன்றிரண்டு பேர் இருக்கத்தான் செய்வார்கள். அவர்களுக்காக எல்லோருக்கும் கதவைச் சாத்த வேண்டாம். ஒரே ஆள் மூன்றாவது முறை கேட்கும்போது, "அக்கா, இந்த வாட்டி மாத்திக் கொடுத்துடறேன், அடுத்த தடவை வீடியோ காலில் பார்த்து முடிவு பண்ணி எடுங்க, அதுக்கப்புறம் மாத்த முடியாது" என்று மரியாதையாக எழுதுங்கள்.