ஆறு நாளுக்கு முந்திய காற்று

அன்புள்ள தம்பிக்கு,

அலை முன்னறிவிப்பு அட்டவணை 1.8 மீட்டர் என்று காட்டிய நாளில் அறுகம்பை முனையில் இடுப்பளவு அலைகூட ஒழுங்காக எழவில்லை என்றும், 1.1 மீட்டர் என்று காட்டிய நாளில் தலைக்கு மேல் அலை உருண்டது என்றும், ஆகவே முன்னறிவிப்பே வெறும் ஊகம்தானோ என்றும் நீ எழுப்பிய கேள்வி ஒரு வரியில் விடை சொல்லி அனுப்பக்கூடியதன்று. இரு நாள்களிலும் அட்டவணை சரியாகவே இருந்திருக்க முடியும். பிழை அதை வாசித்த முறையில் உள்ளது. அலைச்சறுக்கில் இறங்கும் இளைஞர் பலர் உயரம் என்ற ஒரே எண்ணைப் பார்த்துவிட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதும், ஏமாந்தபின் முன்னறிவித்தவரைப் பழிப்பதும் வழக்கமாகிவிட்டன. செயலிகள் அந்த எண்ணையும் மறைத்துவிட்டு, நாளொன்றுக்கு இத்தனை நட்சத்திரம் என்று மதிப்பெண் போட்டுத் தரத் தொடங்கியபின், அட்டவணையைப் படிக்கும் பழக்கமே அருகி வருகிறது. இது வருத்தத்துக்குரியது; ஏனெனில் அந்த அட்டவணைக்குள் ஒரு பெருங்கடலின் முழு வரலாறும் சில நிரல்களில் அடங்கிக் கிடக்கிறது.

காற்று நீரை உரசி அலையை எழுப்புவது பள்ளிப் பாடம். அதை இங்கே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிப் பாடம் சொல்லாமல் விடுவது, கடலின் ஒரே பரப்பில் வெவ்வேறு வயதுடைய அலைகள் ஒரே நேரத்தில் கலந்து ஓடுகின்றன என்பதாகும். அருகில் இப்போது வீசும் காற்று எழுப்பும் குட்டையான, நெருக்கமான, திசை கலைந்த அலைகளைக் காற்றலை எனலாம்; எங்கோ தொலைவில் அடித்த புயலில் பிறந்து, அந்தப் புயலை விட்டு வெளியேறி, நாள்கணக்கில் பயணம் செய்து சீராகி வந்து சேரும் நெடிய அலைகளை, சறுக்குவோர் 'ஸ்வெல்' என்று சொல்வதை, நெட்டலை எனலாம். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவது அலைக்காலம், அதாவது ஒரு முகடு கடந்தபின் அடுத்த முகடு வந்து சேர ஆகும் விநாடிகள். ஐந்து முதல் எட்டு விநாடி என்றால் பெரும்பாலும் பக்கத்துக் காற்றின் வேலை. பதினான்கு, பதினாறு, பதினெட்டு விநாடி என்றால் தொலைதூரப் புயலின் வேலை. அட்டவணையின் உயர நிரல் பல இடங்களில் இவ்விரண்டையும் கூட்டிச் சேர்த்த ஒரே எண்ணாகத் தரப்படுகிறது என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும்.

அலை சுமந்து வரும் வலு உயரத்தின் இருபடியோடும் அலைக்காலத்தோடும் சேர்ந்து பெருகுகிறது. 7 விநாடிக் காலமுடைய 1.8 மீட்டர் அலையையும், 16 விநாடிக் காலமுடைய 1.1 மீட்டர் அலையையும் ஒப்பிட்டால், பின்னது உயரத்தில் முன்னதன் ஐந்தில் மூன்று பங்கே ஆயினும், வலுவில் ஆறில் ஐந்து பங்குக்கு மேல் இருக்கும். அதைவிட முக்கியமானது அலைநீளம். ஆழ்கடலில் 7 விநாடி அலையின் நீளம் ஏறத்தாழ 76 மீட்டர். 16 விநாடி அலையின் நீளம் ஏறத்தாழ 400 மீட்டர். அலைநீளத்தில் பாதி அளவு ஆழம் வரும்போதுதான் அலை கடலடித் தரையை உணரத் தொடங்குகிறது என்பதால், நெட்டலை 200 மீட்டர் ஆழத்திலேயே தரையின் வடிவத்துக்குக் கட்டுப்பட்டு வேகம் குறைந்து வளையத் தொடங்க, காற்றலையோ 38 மீட்டர் ஆழம் வரும்வரை எதையும் அறியாமல் தன் திசையிலேயே ஓடுகிறது. வேகம் குறையக் குறைய உயரம் கூடுகிறது. நேராகக் கரையில் மோதும் இடமாயின், 1.1 மீட்டராகப் புறப்பட்ட அந்த நெட்டலை உடையும் தறுவாயில் 2 மீட்டரை எட்டக்கூடும்.

இனி அறுகம்பைக்கு வரலாம். பொத்துவிலுக்குத் தெற்கே, இலங்கையின் கிழக்குக் கரையில், தெற்கே ஒரு முனையைக் காவலாக வைத்துக்கொண்டு அமைந்த குடா அது. தெற்கிலிருந்து வரும் அலை அம்முனையைச் சுற்றி வளைந்து உள்ளே திரும்பினால் மட்டுமே, கரையோரமாக வலப்பக்கம் உருண்டோடும் நீண்ட அலை அங்கே கிடைக்கும். வளையும் திறன் நெட்டலைக்கு உண்டு, காற்றலைக்கு மிகக் குறைவு. தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் மாதங்களில் தீவின் தென்கரையில் தேவேந்திரமுனைக்கும் அம்பாந்தோட்டைக்கும் வெளியே கடல் இடைவிடாமல் கொந்தளித்து, 7, 8 விநாடி அலைகளை வடகிழக்கு நோக்கி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இவை கிழக்குக் கரைக்கு வெளியே கடந்து போய்விடும். ஆனால் கரைக்கு அப்பால் திறந்த கடலில் ஒரு புள்ளியை வைத்து உயரத்தைக் கணக்கிடும் கணினி மாதிரிக்கு அவையும் அலைகளே. 1.8 மீட்டர் என்பது அந்தப் புள்ளியில் உண்மை. முனைக்குள் அதற்கு வேலையில்லை. 1.1 மீட்டர் காட்டிய நாளில் பருவக்காற்று தணிந்திருக்கும், தென்திசை நெட்டலை தடையின்றி வந்திருக்கும். உலகளாவிய அலை மாதிரிகளின் கட்டங்கள் பல கிலோமீட்டர் அகலமுடையவை. அவற்றின் கண்ணுக்கு அறுகம்பை முனை தெரிவதே இல்லை. முனையின் வேலையை வாசிப்பவர்தான் தம் அறிவால் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இதை எழுதுபவருக்கு இத்துறையில் மிகுந்த பற்றுள்ள பெயர் வால்டர் மங்க் என்பதாகும். அவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லாமல் மேலே போக இயலாது. வியன்னாவில் 1917இல் பிறந்து, அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் வாழ்நாளெல்லாம் பணியாற்றி, 2019இல் மறைந்த அவர், இரண்டாம் உலகப் போரின்போது தம் ஆசிரியர் ஹரால்ட் ஸ்வர்ட்ரப்புடன் சேர்ந்து, படைகள் படகிலிருந்து கரையிறங்கும் நாளில் அலை எப்படி இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் முறையை உருவாக்கினார். நேச நாட்டுப் படைகள் 1944 ஜூனில் நார்மண்டியில் இறங்கியதற்குப் பின்னால் அம்முறையில் பயிற்சி பெற்றவர்களின் கணிப்பு இருந்தது. அட்டவணையில் இன்று காணும் உயரம் எல்லா அலைகளின் சராசரி அன்று. உயர்ந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கை எடுத்து அவற்றுக்குக் காணும் சராசரி. இந்த விசித்திரமான வரையறையின் வேர் எந்தச் சமன்பாட்டிலும் இல்லை. பழகிய படகோட்டிகள் கண்மதிப்பாகச் சொன்ன உயரம் இந்தச் சராசரிக்கே நெருங்கி வந்ததால் அது நிலைபெற்றது. அறிவியல் கடலோடியின் கண்ணை அளவுகோலாக ஏற்றுக்கொண்ட அரிய இடம் இது. இவ்வரையறையின்படி, அட்டவணை சொல்லும் உயரத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு உயரமுள்ள ஓர் அலை சில மணி நேரத்துக்குள் வந்தே தீரும் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

போருக்குப் பின் செய்த ஆய்வுகள் இன்னும் வியப்பானவை. ஆழ்கடலில் அலைக்கூட்டத்தின் வேகம் அலைக்காலத்துக்கு ஏற்பக் கூடுகிறது: 16 விநாடி அலைகள் மணிக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டரும், 12 விநாடி அலைகள் ஏறத்தாழ 34 கிலோமீட்டரும் செல்லும். ஆகவே ஒரே புயலில் ஒரே நேரத்தில் பிறந்தவையும் வழியில் பிரிந்துவிடுகின்றன. ஒரே நிலையத்திலிருந்து ஒன்றாகப் புறப்பட்ட விரைவு வண்டியும் பயணிகள் வண்டியும் எவ்வளவு இடைவெளி விட்டு வந்து சேர்கின்றன என்பதிலிருந்து நிலையத்தின் தொலைவைக் கணக்கிடலாம் அல்லவா, அதே கணக்கு இங்கும் பொருந்தும். 16 விநாடி அலைகளுக்கும் 12 விநாடி அலைகளுக்கும் 45 மணி நேர இடைவெளி இருந்தால் புயல் ஏறத்தாழ 6,000 கிலோமீட்டருக்கு அப்பால் அடித்தது என்று பொருள். பார்பர், அர்செல் என்ற இருவர் 1948இல் வெளியிட்ட ஆய்வில், கார்ன்வால் கரையில் பதிவான அலைகளைக்கொண்டு இதைக் காட்டினர். மங்க் 1950களின் பிற்பகுதியில் மெக்சிகோவுக்கு மேற்கே குவாடலூப்பே தீவருகே கடலடியில் அழுத்தமானிகளை வைத்து அளந்தபோது, கணக்கில் வந்த தொலைவு பசிபிக் பெருங்கடலுக்குள் அடங்கவே இல்லை. அலைகள் பிறந்த இடம் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதி என்ற முடிவுக்கு அவர் வந்தார். பின்னர் 1963இல் நியூசிலாந்து தொடங்கி சமோவா, பால்மைரா, ஹவாய் வழியாக அலாஸ்காவின் யாக்குட்டாட் வரை நிலையங்களை அமைத்து, தென்கடல் புயல்களின் அலைகள் பசிபிக்கைக் குறுக்காகக் கடந்து போவதை அவருடைய குழு பின்தொடர்ந்தது. புயலை விட்டு விலகியபின் நெட்டலை மிகக் குறைந்த ஆற்றலையே இழக்கிறது என்று கண்டது. நமது பெருங்கடலில் பிறந்த அலை மெக்சிகோவரை போகிறது என்றால், அறுகம்பை அதற்கு அடுத்த வீடு.

அறுகம்பைக்குத் தெற்கே அண்டார்க்டிகா வரை நிலம் கிடையாது. அந்த வெற்றுக் கடலில் 40 முதல் 60 பாகை தென் அகலாங்குகளில் காற்றழுத்தத் தாழ்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகின்றன. தென்னரைக்கோளத்தில் தாழ்வைச் சுற்றிக் காற்று வலஞ்சுழியாக வீசுவதால், தாழ்வின் மேற்குப் பக்கத்தில் அது தெற்கிலிருந்து வடக்கே வீசும். இலங்கையை நோக்கி வரும் நெட்டலை பெரிதும் அந்தப் பக்கத்தில்தான் பிறக்கிறது. தாழ்வு ஆப்பிரிக்காவின் தென்புறத்தில் இருந்தால் அலை தென்மேற்கிலிருந்து வரும், தீவே மறைத்துக்கொண்டு கிழக்குக் கரைக்குக் குறைவாகவே கிட்டும். ஆஸ்திரேலியாவின் தென்மேற்கே நகர்ந்தபின் எழுந்த அலை நேர்த் தெற்கிலிருந்தோ சற்றுத் தென்கிழக்கிலிருந்தோ வந்து முனைக்குள் எளிதில் நுழையும். திசை நிரலில் 210 பாகை, 180 பாகை என்று காணும் எண்களின் வேறுபாடு இதுவே. அலை எங்கிருந்து வருகிறதோ அத்திசையே அங்கே குறிக்கப்படுகிறது.

இங்கேதான் இக்கடிதத்தின் உயிர்நாடியான செய்தி இருக்கிறது. 6,000 கிலோமீட்டரைக் கடக்க 16 விநாடி அலைக்கு ஐந்தரை நாள் ஆகும். வியாழனன்று வரும் என்று சனிக்கிழமை அட்டவணை காட்டும் நெட்டலை ஏற்கெனவே பிறந்துவிட்டது. அதை எழுப்பிய காற்று வீசி ஓய்ந்துவிட்டது. அலை வழியில் வந்துகொண்டிருக்கிறது. அட்டவணையின் அந்த நிரல் நடந்து முடிந்த ஒன்றின் கணக்கு. அதே வரிசையில் பக்கத்தில் இருக்கும் காற்று நிரலோ இனி நடக்கப் போவதன் ஊகம். பத்து நாளுக்கு அப்பாலான நெட்டலை எண்ணும் அப்படியே, ஏனெனில் அதன் புயலே இன்னும் பிறக்கவில்லை. ஒரே எழுத்தில், ஒரே நிறத்தில் அச்சாகியிருப்பதால் எல்லா எண்களையும் ஒரே அளவு நம்புவதும், ஒன்று பொய்த்ததும் எல்லாவற்றையும் தள்ளுவதும் அறிவுடைய மாணவனுக்கு அழகன்று. ஐந்து நாளுக்குள்ளான தென்திசை நெட்டலையின் காலத்தையும் திசையையும் பெரிதும் நம்பலாம்; பிற்பகல் காற்றை அன்று காலையில்தான் நம்ப வேண்டும்.

அந்தக் காற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மே முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கரையில் வீசும் கச்சான் காற்று நிலத்தைக் கடந்து வறண்டு வந்து கடலை நோக்கி வீசுவதால், எழும் அலையின் முகத்தைத் தாங்கிப் பிடித்து வழவழப்பாக வைக்கும். வெயில் ஏறி நிலம் சூடானபின் கடற்காற்று எதிர்த்து வீசத் தொடங்கினால் அதே அலை கலைந்து போகும். விடியற்காலையில் நல்ல அலை என்று சறுக்குவோர் சொல்வதற்கு இதுவே காரணம். நவம்பருக்குப் பின் வடகீழ்ப் பருவக்காற்று எல்லாவற்றையும் திருப்பிவிட, சறுக்குவோர் தென்கரையின் வெலிகமைப் பக்கம் போய்விடுகிறார்கள். ஏற்றவற்றம் அறுகம்பையில் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால், ஐரோப்பியக் கரைகளுக்கு எழுதப்பட்ட நூல்களைப் படித்துவிட்டு அதற்கு அளவுக்கு மீறி மதிப்புக் கொடுக்க வேண்டாம்.

காற்றில்லாத நாளில் கடல் பொங்காது என்ற எண்ணத்தை மட்டும் அடியோடு விட்டுவிட வேண்டும். வானம் தெளிந்து, காற்று ஓய்ந்திருக்கையில் தொலைதூர நெட்டலை கரையேறுவதைக் கேரள மீனவர் கள்ளக்கடல் என்பர். 2012இல் யுனெஸ்கோவும் அச்சொல்லை ஏற்றது. ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இத்தகைய அலைகளுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. 2024 மே மாதம் அத்தகைய எச்சரிக்கை நடப்பில் இருந்தபோதே, கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர் ஐவரை அலை இழுத்துச் சென்றது. கற்றவர்களும் இளைஞர்களுமான அவர்களுக்குக் கடலின் முகம் அமைதியாகவே தெரிந்திருக்கும். தொலைவிலிருந்து வரும் நெட்டலை கூட்டம் கூட்டமாக வருவது. ஒரு கூட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே நெடுநேரம் கடல் சும்மா கிடக்கும், அந்த இடைவெளியைப் பார்த்துவிட்டு இறங்குபவரே மாட்டிக்கொள்கிறார்.

ஆகவே முனையில் இறங்குவதற்கு முன் அரைமணி நேரமாவது கரையில் உட்கார்ந்து, பெரிய கூட்டம் ஒன்று வரும்வரை காத்திருப்பது கட்டாயம். அவ்வாறு காத்திருக்கையில் முகடுகள் ஒரே பாறையைக் கடக்கும் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் குறித்து, முதல் முகட்டிலிருந்து பதினோராம் முகடுவரை ஆன விநாடிகளைப் பத்தால் வகுத்தால் கிடைப்பதே அன்றைய அலைக்காலம். அதை அட்டவணையின் எண்ணோடு ஒப்பிட்டு ஒரு பருவம் முழுவதும் குறிப்பேட்டில் எழுதி வருக. திசை நிரலையும் பக்கத்தில் எழுத மறக்கலாகாது.

அன்புடன்,
உன் ஆசிரியர்