குழாய் நீரின் வேகமும் விசையும்

திகனவிற்கு அண்மையில் மகாவலி கங்கையை மறித்து நிற்கும் விக்டோரியா அணை 1985 ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்டது. அதன் உயரம் 122 மீற்றர். அவ்வணையைத் தாக்கும் நீருக்குரிய விதியே மேட்டுத் தொட்டியிலிருந்து மரக்கறிப் பாத்திக்கு இறங்கும் குழாய் நீருக்கும் உரியதாகும்.

வேகம்: 20 லீற்றர் வாளி 10 செக்கனில் நிரம்பின், பாய்வு செக்கனுக்கு 2 லீற்றர், அதாவது 2000 கன சென்ரிமீற்றர் ஆகும். இதனைக் குழாயின் உட்பரப்பால் வகுத்தால் வேகம் பெறப்படும். உள்விட்டம் 5 சென்ரிமீற்றராயின் பரப்பு 19.6 சதுர சென்ரிமீற்றர். வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 1 மீற்றர். பாய்வு குறையாமல் வாயின் விட்டம் பாதியாயின் வேகம் நான்கு மடங்காகும். அத்தாரை நாற்றுமேடையின் மண்ணை அரித்துச் செல்லும். ஆதலின் தாரை விழுமிடத்தில் தட்டைக்கல் பதித்தல் வேண்டும்.

விசை: நிற்கும் நீரின் ஆழம் 10 மீற்றராயின், சதுர சென்ரிமீற்றர் ஒன்றின்மீது ஏறக்குறைய 1 கிலோகிராம் நிறை அழுத்தும். தொட்டியின் நீர்மட்டத்திற்கு 10 மீற்றர் கீழே மேற்கூறிய குழாய் செங்கோணமாய் வளைந்து, அதன் வாய் மூடப்பட்டிருப்பின், வளைவின் இருபுறமும் தனித்தனி 20 கிலோகிராம் தள்ளும். இரண்டும் கூடி வளைவை வெளிப்புறமாக 28 கிலோகிராம் விசையுடன் உந்தும். ஓடும் நீர் திசைமாறுவதால் எழும் விசையோ அரைக் கிலோகிராமுக்கும் குறைவு.

ஆகவே, நீர் ஓடும்போது அசையாத வளைவும் வாயை மூடியபின் கழன்றுவிடலாம். சடுதியாக மூடின் அழுத்தம் மேலும் உயரும். வளைவின் வெளிப்புறத்தே கொங்கிறீற்றுக் கட்டை அமைத்து, வாயை மெதுவாக மூடுவதால், தொட்டி நீர் வீணாகாமலும் பயிர் வாடாமலும் காக்கலாம்.