களத்தில் முதலில் எடுத்து வைப்பது

2012-இல் மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 வந்தது, திறக்கவில்லை. திருப்பனந்தாளில் எங்களுக்கு ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். போர்வெல் கிடையாது, ஆற்றுத் தண்ணீரை நம்பித்தான் சாகுபடி. மாசியில் வந்த நெல் பணம் மகளின் காதுகுத்துக்கும் வாசல் சிமெண்டுக்கும் போயிருந்தது. குறுவையில் பிடித்துவிடலாம் என்ற தைரியம். அணை திறந்தபோது செப்டம்பர் 17. குறுவை இல்லாமலே போனது. சம்பா உழவுக்கும் நடவுக்கும் கையில் காசில்லை.

என் சங்கிலி அடகுக்குப் போனது. 40,000 ரூபாய், மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி. எங்கள் செஞ்சடையப்பர் கோயிலில் சாய்ந்திருந்த லிங்கத்தைத் தன் கழுத்தில் கயிறு பூட்டி இழுத்து நிமிர்த்திய குங்கிலியக் கலய நாயனாரை இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வீட்டுப் பட்டினி தீர நெல் வாங்கிவரச் சொல்லித் தாலியைக் கழற்றிக் கொடுத்தவர் அவர் மனைவி. சங்கிலியைக் கழற்றும்போது அந்த அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டேன். மீட்க 22 மாதம் ஆயிற்று. வட்டி மட்டும் 26,400 ரூபாய்.

மீட்டு வந்த இரவு நோட்டில் அந்தக் கணக்கை எழுதிப் பார்த்துவிட்டு அழுதேன். அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“களத்துல நெல்லைத் தூத்துனதும் மொதல்ல எதை எடுத்து வைப்போம்?”

“வெதை நெல்லு, அத்தை.”

“பணத்துல மட்டும் ஏன்டி வெதைய எடுத்து வைக்கல?”

அத்தை காலத்தில் விதைநெல்லை வைக்கோல் பிரி சுற்றிக் கோட்டையாகக் கட்டி, மேலே சாணி மெழுகி வைத்துவிடுவார்கள். பானையில் அரிசி தீர்ந்தாலும் அதில் கை படாது. அத்தை கேட்ட அந்த இரவிலிருந்து, கொள்முதல் நிலையத்து நெல் பணம் வங்கிக் கணக்கில் ஏறிய அன்றே, வீட்டுச் செலவுக்கு ஒரு ரூபாய் எடுக்கும் முன், அடுத்த போகத்தின் சாகுபடிச் செலவைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுகிறோம். அதன் பிறகுதான் பள்ளிக் கட்டணம், மளிகை, சீர்வரிசை எல்லாம்.

தேதிகளும் நோட்டில் ஏறின. கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை. நாள் தவறினால் அந்தச் சலுகை போய்விடும். அதனால் கடன் வாங்கும் அன்றே கட்டும் தேதியைச் சிவப்பு மையில் எழுதுகிறேன். சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு செய்யப் பெரும்பாலும் நவம்பர் 15 வரைதான் கெடு. காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம் நாம் கட்டும் பிரீமியம். ஆனால் இழப்பைப் பெரும்பாலும் வருவாய் கிராம அளவில்தான் கணக்கிடுகிறார்கள். நம் வயல் மட்டும் படுத்துவிட்டால் பணம் வரும் என்று சொல்ல முடியாது. காப்பீடு செய்தாயிற்றே என்று தனிக் கணக்கில் கை வைக்காதீர்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன்.

நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். அஞ்சலகத்தில் மாதம் 500 ரூபாய் கட்டும் தொடர் வைப்பு ஒன்று தொடங்கினேன். ஐப்பசி, கார்த்திகையில் எந்த விவசாயி வீட்டில் பணம் இருக்கும்? பாதியில் நின்றது. மாதச் சம்பளக்காரர்களின் திட்டம் அவர்களுக்கு நல்லது. நமக்குப் பணம் எந்த மாதத்தில் வருகிறதோ அந்த மாதத்தில் போடும்படி சேமிப்பு இருக்க வேண்டும். 2015-இல் செல்வமகள் சேமிப்புத் திட்டம் வந்தபோது மகளுக்கு ஐந்து வயது. வருடத்துக்கு ஒரே தடவையாகவும் போடலாம், குறைந்த தொகையும் சிறியது என்றதும் தொடங்கிவிட்டேன். சம்பா பணம் வந்ததும், மார்ச் 31-க்குள் போட்டுவிடுவேன். நல்ல விளைச்சலில் கூடுதலாக, மோசமான வருடத்தில் குறைவாக; ஒரு வருடமும் விட்டதில்லை.

2021 பொங்கல் சமயத்தில் விடாத மழை. கதிர் முற்றிய சம்பா சாய்ந்து தண்ணீரிலேயே முளைவிட்டது. வீட்டுக்காரர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்தார். அந்த வேதனையை எந்தச் சேமிப்பும் ஆற்றாது. ஆனால் அடுத்த குறுவைக்கு யாரிடமும் போய் நிற்கவில்லை. சங்கிலி என் கழுத்திலேயே இருந்தது.

இப்போது நோட்டை எழுதுவது மகள்தான். கடைசியாக அவள் எழுதியது: 2028 ஜூன், கல்லூரி. பதினெட்டு வயது ஆனதும் படிப்புக்காகச் செல்வமகள் கணக்கிலிருந்து பாதி வரை எடுக்கலாம். மீதிக்கு என்ன வழி என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறாள். தாளடி அறுத்து நெல் போட்டதும் மூன்று பேரும் உட்கார்ந்து நிரப்ப வேண்டும்.