மோட்டார் தேர்ந்தெடுக்கட்டும், கால் தூக்கட்டும்

டிஜிட்டல் தறி கட்டப்போகிறேன் என்று கிளம்பும் மெக்கட்ரானிக்ஸ், டெக்ஸ்டைல் மாணவர்கள் முதலில் பார்ப்பது நார்வேயில் தயாராகும் டிசி2 தறியை. ஒவ்வொரு பாவு நூலையும் தனித்தனியே தூக்கும் தறி அது. நாடாவை ஓட்டுவது கைதான். விலை பல பத்தாயிரம் டாலர். அதைப் பார்த்து ஆயிரம் நூல், ஆயிரம் மோட்டார் என்று திட்டம் போட்டால் புராஜெக்ட் பாதியில் நிற்கும். ஓரடி அகலத்தில் எட்டு விழுதுச் சட்டம் கொண்ட சின்ன மிதித் தறி போதும். எல்லாம் மேலே, எல்லாம் கீழே என்ற இரண்டைத் தள்ளினாலும் அதில் 254 விதமாகப் பாவைப் பிரிக்கலாம். ட்வில், சாட்டின், இரட்டைத் துணி எல்லாம் வந்துவிடும்.

பலரும் பணத்தை விடுவது மோட்டாரில். சட்டத்தைத் தூக்கவே மோட்டார் வைத்தால் விசை வேண்டும், பெரிய பவர் சப்ளை வேண்டும். ஜக்கார்டு 1804-லேயே இதற்கு வழி சொல்லிவிட்டார். காஞ்சிபுரத்தில் தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியைப் பாருங்கள். ஓட்டை போட்ட அட்டை எதையும் தூக்குவதில்லை. ஓட்டை உள்ள இடத்தில் ஊசி உள்ளே போகும், கொக்கி கத்திக்கு நேரே நிற்கும். ஓட்டை இல்லாவிட்டால் ஊசி பின்னுக்குப் போய்க் கொக்கி விலகிவிடும். நெசவாளர் மிதித்ததும் கத்தி எழும், மாட்டிய கொக்கிகள் மட்டும் கூடவே போகும். அந்த அட்டையின் இடத்தில் ஒன்பது கிராம் சர்வோவை வையுங்கள். கொக்கியைச் சில மில்லிமீட்டர் நகர்த்துவதே அதன் வேலை. பாரம் முழுக்கக் காலுக்கு.

பிசிஏ9685 போர்டு ஒன்றில் 16 சர்வோ மாட்டலாம். ஆனால் அர்டுயினோவின் 5 வோல்ட் பின்னிலிருந்து சர்வோவுக்குக் கரண்ட் எடுக்காதீர்கள். எட்டும் ஒன்றாகத் திரும்பினால் போர்டு ரீசெட் ஆகிவிடும். எத்தனையாவது ஊடையில் இருந்தோம் என்பதும் போய்விடும். சர்வோவுக்குத் தனி சப்ளை கொடுத்து, கிரவுண்டை மட்டும் சேருங்கள். ஊடை எண்ணை ஈப்ராமில் எழுதி வையுங்கள். கரண்ட் போவது நமக்கென்ன புதிதா? பின்னால் போக ஒரு பொத்தானும் கட்டாயம். தப்பாக விழுந்த ஊடையைப் பிரிக்க அதே பாவு மறுபடி திறந்தாக வேண்டும். தறியில் உட்காராத எஞ்சினியர் முதலில் மறப்பது இந்தப் பொத்தானைத்தான். பஞ்சுத் தூசி சர்வோ பல்சக்கரத்துக்குள் போகாமல் மூடியும் போட்டுவிடுங்கள்.

சாஃப்ட்வேரைப் புதிதாக எழுத வேண்டாம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் உருவாக்கிய அடாகேட் இலவசம், ஓப்பன் சோர்ஸ், பிரவுசரிலேயே ஓடும். நெசவு மென்பொருள்கள் பலவும் படிக்கும் டபிள்யூஐஎஃப் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான். எந்த ஊடைக்கு எந்தச் சட்டம் எழ வேண்டும் என்பதை அதில் வரிவரியாக எழுதலாம். அதைப் படித்து சர்வோவுக்கு அனுப்பும் சின்ன நிரல் மட்டும் உங்கள் பங்கு.

வேலை தேடும்போது தறியின் போட்டோவைவிடக் கோப்புகளே பேசும். வரைபடம், நிரல், கடை விலையோடு பாகங்களின் பட்டியல் எல்லாவற்றையும் வெளியிடுங்கள். உரிமம் போடாமல் வெளியிட்டால் அது ஓப்பன் சோர்ஸ் ஆகாது. வன்பொருளுக்கு செர்ன் ஓஎச்எல், நிரலுக்கு ஜிபிஎல் அல்லது எம்ஐடி போடலாம். ஸ்மார்ட் துணி, டெக்னிக்கல் டெக்ஸ்டைல் நிறுவனங்களின் நேர்காணலுக்கு நெய்த மாதிரிகளையும் எடுத்துப்போங்கள்.

அதற்குமுன், அனுபவமுள்ள நெசவாளர் ஒருவரை அந்தத் தறியில் அரை நாள் உட்கார வையுங்கள். மிதி கனக்கிறதா, கொக்கி தவறுகிறதா என்று அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். அந்த அரை நாளுக்கு அவருக்குக் கூலியும் கொடுத்துவிடுங்கள்.